படப் புத்தகமும் பாட்டாளி வீட்டுப் பிள்ளையும்

(ஸ்ரீரங்கத்தில் பேசியது)



கூலி உயர்வைப் பேச வந்த இடத்தில் குழந்தைகளின் படப் புத்தகம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதுவும் நம் உரிமையைப் பற்றிய பேச்சுதான்.

ருஷ்ய நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. தாத்தா நட்ட கிழங்கு பெருத்துவிட்டது. பிடுங்க முடியவில்லை. பாட்டி வந்தாள், பேத்தி வந்தாள், நாயும் பூனையும் வந்தன, அசையவில்லை. கடைசியில் சுண்டெலி வந்து சேர்ந்தது. கிழங்கு வெளியே வந்தது!

இதைப் படமாகப் பார்க்கும்போதெல்லாம், கொள்ளிடக்கரை வாழைத் தோட்டங்களில் மண் வெட்டும் நம் மக்கள்தான் என் கண்முன் நிற்கிறார்கள். அதில் ராஜகுமாரன் இல்லை, மந்திரக்கோல் இல்லை. சுண்டெலியின் பலமும் கணக்கில் சேருகிறது. எழுத்தறியாத பிள்ளைக்கும் இது புரியும்.

மாஸ்கோவில் அச்சான வண்ணப் படப் புத்தகங்கள் ஒரு காலத்தில் தமிழிலேயே வந்தன. 1951-ல் தோன்றிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை மலிவு விலைக்கு விற்றது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது, வரத்தும் நின்றது. இன்று நல்ல வண்ணப் புத்தகத்தின் விலை கூலிக்காரன் கைக்கு எட்டுகிறதா?

வழி இருக்கிறது. 1948-ம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது மக்கள் பணம். ஆகவே கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளோடு போங்கள். படப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். அலமாரியில் பூட்டாமல், பிள்ளையின் கைக்கெட்டும் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி, திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒவ்வொரு சங்கமும் மனுக் கொடுக்கட்டும்!