பேர் விழாத மக்கள்

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பகல் முழுதும் கொழுந்து பறித்தும், நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழும் வேதனையை நாம் அறிவோம். ஓர் இனத்துக்கே பேர் விழாமற்போன வரலாறு இந்நாட்டில் உண்டு. அதனை இன்று எண்ணிப் பார்ப்போம்.

இலங்கையின் ஆதிக்குடிகள் வேடர்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அவர்தம் தொகை 2,361. 1953இல் 803. 1963இல் 400. பதினேழே ஆண்டுகளில் கொள்ளைநோயா கொண்டுபோயிற்று? இல்லை. சிங்கள ஊர்களை அண்டியோர் சிங்களம் பேசினர், சிங்களவராக எழுதப்பட்டனர். கிழக்குக் கரையோரத்தார் தமிழ் பேசினர், தமிழராக எழுதப்பட்டனர். மக்கள் மாளவில்லை, அவர்தம் பேரே ஏட்டினின்று மறைந்தது. அதில் நம் மொழிக்கும் பங்குண்டு என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்வோம்.

1983இல் மதுரு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மண்ணிலேயே தம்பானை வேடர்கள் அத்துமீறியோர் ஆயினர். ஏட்டில் சிறுத்தவரின் குரல் எவர் செவியில் ஏறும்?

கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஸ்குவாமிஷ் மக்களின் துயரும் இத்தகையதே. விடுதிப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். அம்மொழி ஒருசில முதியோர் நாவளவில் ஒடுங்கியது. ஆயினும் இன்று இளந்தலைமுறை வகுப்பில் அமர்ந்து அதனை மீளக் கற்கின்றது.

தமிழ் உலகில் அழிந்துவிடும் என்று நாம் அஞ்சவில்லை. ஆனால், வீட்டில் வாழும் மொழி கச்சேரியில் மாளவும் கூடும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் பேரை ஏட்டினின்று நீக்கியது. எஞ்சியோர்க்கும் அதனை மீட்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாம் திருத்தம், தமிழில் எழுதுவோர் தமிழிலேயே மறுமொழி பெறும் உரிமையைத் தந்தது. இருந்தும், புரியாத மொழியில் வந்த கடிதத்தைக் கையிலேந்தி, படித்துச் சொல்வாரைத் தேடி லயம் லயமாய் அலைவோர் எத்தனை பேர்!

பயன்படுத்தாத உரிமை, தீட்டாத கவ்வாத்துக் கத்தி. ஆகவே தமிழில் எழுதுங்கள். தமிழில் மறுமொழி கேளுங்கள். வராவிடின் மீண்டும் எழுதுங்கள். அதற்கும் வராவிடின் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் பிழையாக எழுதப்பட்டால், அதனைத் திருத்தாமல் வீடு திரும்பாதீர்கள்.

நாள் முழுதும் உழைத்தவருக்கு முழுப்பேர் வேண்டும் என்கிறோம். இருநூறு ஆண்டுகள் உழைத்த இனத்துக்கும் முழுப்பேரே வேண்டும்!