கிருமியாராய்ச்சிக் கல்வியும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

பள்ளியில் தமிழ் கற்பிக்கும் யாம் கிருமியாராய்ச்சியைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற வைகாசித் திங்களில் நம் குலத்து உழவர் ஒருவர் எம் இல்லம் போந்தார். அவர்தம் மகள் எம்பால் தமிழ் பயின்றவள். பின்னர் உயிர்நுட்பவியலில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றுத் தேசியத் தேர்விலும் வென்று, நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டத்திற்கு ஆராய்வதற்கு இடமும் பெற்றிருக்கின்றாள். ஆயினும் தந்தையார் முகத்தில் மகிழ்ச்சியைக் காணவில்லை. "வாத்தியார் ஐயா, பதினேழு வருஷம் படித்தாயிற்று. இன்னும் ஐந்து வருஷம் என்கிறாள். முடித்து வரும்போது வயது இருபத்தெட்டு ஆகிவிடும். இந்தப் படிப்பு எதற்கு, இதனால் என்ன உத்தியோகம் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?" என்றார்.

அன்று யாம் தக்க விடை கூற இயலாது நின்றோம். பின்னர் நூல்களைப் பார்த்தும் அறிந்தாரை வினவியும் தெரிந்துகொண்டவற்றை இன்று அவர்க்கும் உங்கட்கும் கூறுகின்றோம்.

முதலாவது, இப்படிப்பு எதற்கு என்பது. நம் காவிரி நாட்டில் நீர் நெல்லைத் தருகின்றது. தேங்கிய நீர் கொசுவையும் தருகின்றது. கும்பகோணத்தின் பெயரை வெற்றிலையோடு மட்டுமன்றி யானைக்கால் நோயோடும் சேர்த்துச் சொல்லிய காலத்தை முதியோர் அறிவர். அந்நோயை விளைக்கும் நூலிழை போன்ற புழு, மனிதனுடைய நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்வது. அதன் நுண்ணிய குஞ்சுகள் இரவில்தான் குருதியில் மிகுதியாக உலவும். ஆதலின் அன்றோ சுகாதார ஊழியர் இராக்காலத்தில் வீடுதோறும் வந்து விரலிற் குத்திக் குருதி எடுத்துச் சென்றனர்! நம் உடலாகிய நாட்டிற்குக் காவற்படை உண்டு. ஒருமுறை கண்ட பகைவனை மறுமுறை அடையாளம் கண்டு அழிப்பது அதன் இயல்பு. அம்மை ஒருமுறை கண்டவர்க்குப் பெரும்பாலும் மறுமுறை காணாமைக்கு இதுவே காரணம். அங்ஙனமாயின், அக்காவலரின் நடுவே இப்புழு பல ஆண்டு எவ்வாறு பிழைத்திருக்கின்றது? இவ்வினாவை எழுப்பி விடை தேடுவதே நோயெதிர்ப்பியல்.

மற்றொன்றும் கேண்மின். 1955ஆம் ஆண்டில் வேலூர்ப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. சிறுவரைக் கொல்லும் அந்நோயைப் பரப்பும் கொசு நெல்வயலின் நீரிலே பெருகுவது. நம் வயலில் இரை தேடும் கொக்கின் உடலிலும், பன்றியின் உடலிலும் அந்நோய்க்கிருமி தங்கிப் பெருகும். வயலும் கொக்கும் நீரும் நமக்குத் தெரியும். அவற்றினூடே செல்லும் கிருமியைக் கண்டறியும் கல்வி மட்டும் நமக்கு வேண்டாததாகுமோ?

இரண்டாவது, இக்கல்வி எவ்வாறு பயிற்றப்படுகின்றது என்பது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்லுகின்றார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் செவ்வனே கொண்டாலும் அவனுக்கு வருவது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவதே எஞ்சிய அரைப்பங்கு என்பது அது. இக்காலத்து ஆராய்ச்சிக் கல்வியும் இவ்வாறே அமைந்திருக்கக் கண்டு யாம் வியந்தோம். முதலில் ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும் ஆராய்ச்சி அறமும் பாடமாகக் கற்பிக்கப்படும். பின்னர் நெறியாளரின் கீழும் மூத்த மாணாக்கரின் அருகிலும் இருந்து கைப்பழக்கம் பெறுதல் வேண்டும். காசநோய்க் கிருமியை வளர்த்துக் கையாள்வதற்குக் கிருமி வெளியேறாது அடக்கிய தனியறையும், தனியுடையும், பிறழாத ஒழுங்கும் வேண்டும். இறுதியில் தான் கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டு, நூலாக எழுதி, அறிஞர் அவையில் வினாவிற்கு விடை கூறி நிலைநாட்டல் வேண்டும். இந்த அரைப்பங்கே நெடுங்காலம் கொள்வது.

ஆசிரியரும் மாணாக்கரும் கூடினால் யாது விளையும் என்பதற்கு நம் நாட்டு வரலாறு ஒன்று உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியற் பேராசிரியராக இருந்தவர் சுநீதி சாலமன். அவர்பால் முதுநிலை மாணவியாகப் பயின்றவர் செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் நோய் நம் நாட்டில் இல்லை என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. ஆய்வுரைக்கு அதனையே பொருளாகக் கொள்க என்று ஆசிரியர் கூற, மாணவி முதலில் தயங்கினார், பின் துணிந்தார். கணவரின் துணையோடு பெண்டிர் பலரிடம் குருதி பெற்று, வைக்க வேறு இடமின்மையின் தம் இல்லத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். சோதிக்கும் வசதி வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தமையால் இரவு இரயிலேறி அங்குக் கொண்டு சென்றார். ஆறு குருதிகளில் நோய்க்குறி தோன்றியது. இந்தியாவில் அந்நோய் உண்டென்பது அவ்வாறே வெளிப்பட்டது. அவர் முயன்றது மருத்துவ முதுநிலைப் பட்டத்திற்கு. ஆயினும் ஆராய்ச்சி மாணாக்கரின் இலக்கணம் முழுவதும் அவரிடம் கண்டோம். இல்லத்தார் துணை நில்லாதிருந்தால் அக்குருதி வேலூர் சேர்ந்திராது என்பதையும் நினைமின்.

இக்கல்வி பயிற்றும் பெருங்குணம் மெய்ம்மை. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆராய்ச்சியில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் சேர்க்கப்பட்டனர். அத்தடுப்பூசி பெரியோரின் நுரையீரல் காசத்தைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தனர்; தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. அம்முடிவை மறையாது 1979இல் வெளியிட்டனர். குழந்தைகளைக் கொடிய காசத்தினின்று காப்பது அவ்வூசி என்பது வேறு வழியில் நிறுவப்பட்டதாகலின், குழவிக்கு அதனை இடுதல் இன்றும் வேண்டும். தாம் விரும்பிய விடை வாராதபோதும் வந்த விடையையே எழுதுதல் எளிதன்று. அதற்கு ஐந்தாண்டுப் பயிற்சி மிகையென்று யாம் கருதவில்லை.

பொறுமையும் வேண்டும். குழவியரின் கடும் வயிற்றுப்போக்கிற்குக் காரணமான ரோட்டா வைரசுக்குத் தடுப்புமருந்து செய்ய உதவிய கிருமி, 1980களின் நடுவில் டெல்லியிற் பிறந்த குழவியரிடம் கிடைத்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழவியரிடம் சோதித்து, 2016இல் அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. இடைப்பட்ட காலம் முப்பதாண்டு. வேலூரில் அச்சோதனையை நடத்தியவருள் தலையாயவர் ககன்தீப் காங் அம்மையார். அவர் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னும் நில்லாது, அக்கல்லூரியிலேயே 1998இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். 2019இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியாவிற் பணிபுரிந்த பெண்மணியருள் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே.

மூன்றாவது, உத்தியோகம் என்பது. இதில் மெய்யை மறைத்தல் தகாது. தேசியத் தேர்வில் வென்று உபகாரச் சம்பளம் பெறும் மாணாக்கர்க்கு, 2023 ஜனவரி முதல், முதலிரண்டு ஆண்டு திங்கள்தோறும் 37,000 ரூபாயும், பின்னைய மூன்றாண்டு 42,000 ரூபாயும் என வகுத்துள்ளனர். எனவே தந்தையின் நிலத்தை அடகு வைக்க வேண்டுவதில்லை. ஆயின் அத்தொகை சில திங்கள் தாமதித்து வருவதும் உண்டு. பட்டம் பெற்றபின் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பெற்ற கொசுவழி நோயாராய்ச்சி மையம் போன்ற இடங்களிலும், பல்கலைக்கழகங்களிலும், தடுப்பூசி செய்யும் தொழிற்சாலைகளிலும், பெரிய மருத்துவசாலைகளின் சோதனைக்கூடங்களிலும் பணி உண்டு. நிலையான பணியிடங்கள் சிலவே. அவற்றைப் பெறுமுன் உள்நாட்டிலோ அயல்நாட்டிலோ மேலும் சில ஆண்டு பயில நேரும். இதனை அறிந்தே இறங்குதல் வேண்டும். அறியாது இறங்கி நடுவே மீள்வது துன்பம்.

இனி நம் கடமை. நம் சங்கத்துக் கல்வி நிதி பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் உதவுகின்றது. ஆராய்ச்சி மாணாக்கர்க்கு உதவ விதியில் இடமில்லை. ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கின்றோம். உபகாரச் சம்பளம் வந்து சேரும்வரை ஆராய்ச்சி மாணாக்கர்க்கு வட்டியில்லாக் கடன் வழங்குக. தேசியத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர்க்கு நூலும் வழிச்செலவும் உதவுக. மூன்றாவது, செலவில்லாதது; ஆனால் அரியது. ஆராய்ச்சியில் இருக்கும் பெண்ணின் பெற்றோரைக் காணுந்தோறும், "இன்னும் கலியாணம் ஆகவில்லையா?" என்று வினவுவதை நம் இல்லங்களில் நிறுத்துக. திருமணம் அவரவர் இல்லத்தார் காலமறிந்து செய்வது. அன்று எம் இல்லம் வந்த உழவரை வாட்டியது பணமன்று. இவ்வினாவே என்பதை யாம் அறிவோம்.

குலத்தார் நிதியைக் கொண்டு பயின்றவள் கண்டறியும் மருந்து எக்குலத்தார்க்கும் அன்றோ பயன்படும் என்று சிலர் கேட்கலாம். ஆம், பயன்படும். ஒரு குலத்தை மட்டும் கடிக்கும் கொசு நம் ஊரில் இல்லை. நம் வாய்க்காலில் வரும் நீர் அடுத்த ஊர் வயலுக்கும் பாய்வது போன்றதே இது; அதனால் நம் வயல் காய்வதில்லை.

அவ்வுழவர் இவ்வவையில் இருக்கின்றார். அவர் மகள் ஆவணியிற் சேர்தல் வேண்டும். எம்மால் இயன்ற விடையைக் கூறினோம். எஞ்சியதை இச்சங்கம் தன் தீர்மானத்தால் கூறுக என வேண்டி அமைகின்றோம்.