கங்கைக்கரையில் ஒரு தமிழ்ச்சொல்

1830-இல் பாபு ராஜசந்திர தாஸின் பெயரால் எழுந்த பாபு காட்டில் ஹவுராவுக்குப் படகேற நிற்கையில், நம் குழந்தைகள் அவ்விடத்தைக் ‘காட்’ என்றே அறிவர். ‘துறை’ என்றால் அவர்களுக்கு அரசாங்க இலாகாதான்! குற்றம் அவர்களுடையதன்று, வீட்டில் நாம் அச்சொல்லை வழங்குவதில்லை.

நீராடும் படியும் தோணி அணையும் கரையும் தமிழில் துறையே. வங்காளியர் காட் என்பதும் இவ்விரண்டையுமே. காவிரிக்கரை மயிலாடுதுறையையும் ஈழக்கடற்கரைப் பருத்தித்துறையையும் நினைவுகூர்க.

ஆனால் கித்தர்பூர் ‘டாக்’ வேறு. ஓதத்தில் ஆற்றுநீர் ஏறி இறங்கினும் கப்பல் தரைதட்டாதிருக்கக் கதவமைத்துத் தேக்கிய நீர்நிலை அது. அதனை டாக் என்றே சொல்லலாம், பாதகமில்லை.

நங்கூரம் என்றால் மட்டும் இங்குள்ள படகோட்டிக்கும் ஒருவாறு விளங்கும். அவர் சொல்லும் ‘நோங்கோர்’, நம் நங்கூரம் இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை.