பழைய ஜிப்ஸிக்குப் புது எஞ்சின்

ஜவ்வாது மலை, ஏலகிரி என்று ஏறி இறங்கும் ஆசையில் பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கிச் சீர் செய்கிறவர்கள் முதலில் கை வைக்க நினைப்பது எஞ்சின்மேல்தான். நியாயமான ஆசை. 1985-இல் வந்த முதல் ஜிப்ஸியின் 970 சிசி எஞ்சினுக்கு 45 குதிரைத்திறன்தான். ஏற்றத்தில் அது திணறும். ஆனால் வண்டியில் இருக்கும் கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு எஞ்சின் தேடுவதே சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குதிரைத்திறனும் முறுக்கு விசையும் ஒன்றல்ல என்பதை மாருதியே காட்டியிருக்கிறது. 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1298 சிசி கார்புரேட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன். 2000-இல் அதே கொள்ளளவில் பதினாறு வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சின் வந்தது, 80 குதிரைத்திறன். திறன் மூன்றில் ஒரு பங்கு கூடியும் முறுக்கு விசை 103 நியூட்டன் மீட்டர்தான். பழையதைவிடச் சற்றே அதிகம். கூடுதல் திறன் வேகமான சுழற்சியிலிருந்து வந்தது. பல்சக்கரத்தை வளைப்பது முறுக்குதான். அதனால்தான் கார்புரேட்டர் கிங்கின் ஐந்து கியர் பெட்டியோடு எம்பிஎஃப்ஐ எஞ்சினைச் சேர்ப்பது பத்திரமான மாற்றம் என்கிறேன். எஸ்டீம் காரின் 1.3 எஞ்சினும் அதே குடும்பம். காரில் அது குறுக்காக நிற்கும், ஜிப்ஸியில் நெடுக்காக நிற்க வேண்டும். ஆயில் சம்ப், மவுன்டிங் போன்றவற்றை ஜிப்ஸியிலிருந்தே எடுத்து மாட்ட வேண்டியிருக்கும்.

இனி பெரிய எஞ்சின் கணக்கு. முதல் கியர் எஞ்சினின் முறுக்கைச் சுமார் 3.65 மடங்காக்குகிறது. ஜிப்ஸியில் முன்பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக, ஒரு குட்டி ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கிறது. லோ கியரில் அது இன்னும் 2.27 மடங்காக்கும். இரண்டையும் பெருக்கினால் எட்டு மடங்குக்கு மேல். 103 என்பது 850 ஆகிறது. மாருதியின் ஜிம்னியில் வரும் 134 நியூட்டன் மீட்டர் எஞ்சினைப் பழைய பெட்டியில் வைத்தால் அதுவே 1,100-ஐத் தாண்டுகிறது. எஞ்சினில் 31 கூடியது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் 250 ஆகப் பெருகுகிறது. ஜிம்னிக்கு அந்த எஞ்சினோடு தனி கியர்பாக்ஸ் கொடுத்தார்கள். நம் பழைய பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

மிதித்து ஓட்டாமல் நிதானமாக ஓட்டினால் தாங்காதா என்று கேட்கலாம். தார்ச் சாலையில் தாங்கும். மலைப் பாதையிலோ சக்கரம் கல்லில் சிக்கி, சுழன்று, சட்டென்று பிடிக்கும். அந்த அதிர்ச்சி ஓட்டுநரின் காலைக் கேட்டு வருவதில்லை. டீசல் எஞ்சின் என்றால் குறைந்த சுழற்சியிலேயே முழு முறுக்கையும் கொடுக்கும், அதுவும் நாம் முதல் கியரில் லோவில் நிற்கும் நேரத்தில். சரி, புது எஞ்சினின் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றிவிடலாமே என்பார்கள். அப்போது ஷாஃப்ட் நீளம், முன் ஆக்ஸில் மேல் எடை, பிரேக் என்று மாற்றம் நீண்டுகொண்டே போகும். அது வேறு வண்டி.

இணைக்கும் இடத்தில்தான் வேலையின் தரம் தெரியும். ஃப்ளைவீலின் நடுவிலுள்ள சிறு பேரிங்கில் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு மிகச் சரியாக உட்கார வேண்டும். எஞ்சினையும் பெல் ஹவுசிங்கையும் நேர்படுத்துபவை டவல் பின்கள். போல்ட்கள் இறுக்க மட்டுமே. பின்னை விட்டுவிட்டு இறுக்கினால் மில்லிமீட்டருக்கும் குறைவான விலகலே பேரிங்கைத் தின்னும். நியூட்ரலில் கேட்கும் கரகரப்பு கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறதா? முதலில் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். இரும்பை அளந்து கடைபவரிடம் இந்த நேர்படுத்தலை அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் அனுமதிக்காதே என்பது கனமான ஆட்சேபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வண்டி மாறுபடக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினுக்கு மட்டும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு வழி இருக்கிறது. கியர்பாக்ஸ் கணக்கும் அந்த வகையைத்தான் கேட்கிறது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் அதன் எண்ணையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் கேளுங்கள்.