தூதர் சொன்ன சொல்
(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தூதுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். தூதன் எவ்வாறு பேசவேண்டும் என்பதை அங்கே கற்கிறோம். ஆனால், அவன் சொல்லைக் கேட்போர் நம்பாவிடின் யாது நிகழும்? மிஷன் பாடசாலையில் மெற்றர்னிக், பிஸ்மார்க் எனப் பெயர்களை மனனஞ் செய்த நாம், இவ்வினாவுக்கு விடை காண ஆசியத் தூதர் ஒருவரையே நாடவேண்டும். அவர்தாம் சர்தார் கே. எம். பணிக்கர்.

1895 இல் கேரளத்துக் காவாலத்திற் பிறந்த பணிக்கர், ஒக்ஸ்போர்ட்டில் வரலாறு பயின்றவர். பேராசிரியர், பத்திராதிபர், சமஸ்தான அமைச்சர் எனப் பல துறை கண்டவர். 1948 இல் இந்தியத் தூதராகச் சீனா சென்றார். கோமிங்டாங் ஆட்சி வீழ்ந்து மாவோவின் ஆட்சி எழுந்ததைக் கண்டு, இரு அரசுகளிடமும் தூதராயிருந்தார்.

1950 ஒக்டோபர் 2 ஆந் திகதி நள்ளிரவு. துயின்றுகொண்டிருந்த பணிக்கரைப் பிரதமர் சௌ என்லாய் அழைப்பித்தார். அமெரிக்கப் படை 38 ஆம் அகலக்கோட்டைக் கடந்து வட கொரியாவினுட் புகுந்தால் சீனா தலையிடும் என்றார். பணிக்கர் உடனே டெல்லிக்கு அறிவித்தார். அச்செய்தி வாஷிங்டனையும் எட்டியது. அங்கோ அதனை வெறும் மிரட்டல் எனத் தள்ளினர். சொன்னவர் சீனரின் பக்கம் சாய்ந்தவர் என்ற எண்ணமும் அதற்கொரு காரணம்! அமெரிக்கர் கோட்டைக் கடந்தனர். ஒக்டோபர் 19 இல் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. 1953 யூலை 27 வரை போர் நீண்டது. இலட்சக்கணக்கானோர் மடிந்த பின்னரும், எல்லை பழைய கோட்டுக்கு அருகிலேயே நின்றது.

எனினும், பணிக்கரைக் குறையற்றவரெனக் கூறுதல் நேர்மையாகாது. அதே ஒக்டோபரிற் சீனப் படை திபெத்தினுட் புகுந்தது. அங்கே சீனரின் நோக்கத்தை அவர் சரிவர எடைபோடவில்லை. நம் தூதர் சீனரின் செயலுக்குச் சமாதானம் தேடுகிறார் என்று சர்தார் பட்டேல் நவம்பர் 7 இல் நேருவுக்கு எழுதினார். ஒரு செய்தியைக் கொணர்ந்த நெருக்கமே மற்றொன்றை மறைத்தது போலும்!

பின்னர் எகிப்திலும் பிரான்சிலும் தூதராயிருந்தார். 1953 இல் வெளிவந்த ‘ஆசியாவும் மேலைநாட்டு ஆதிக்கமும்’ என்ற அவரது ஆங்கில நூல், வாஸ்கோ ட காமா முதலான நானூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஆசியரின் கண்கொண்டு நோக்கிற்று. 1963 இல், மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருக்கையிற் காலமானார்.

இளைஞராகிய நாம் இதனாற் பெறும் பாடம் யாது? வேண்டாதவர் சொல்லாயினும் அதன் உண்மையை ஆராய்வோம். வேண்டியவர் செயலாயினும் அதே துலாக்கோலில் நிறுப்போம். வாஷிங்டன் முன்னதைத் தவறவிட்டது. பணிக்கர் பின்னதைத் தவறவிட்டார். இரண்டையும் கைக்கொள்வோமாக.