மாதவிடாய் நின்ற பிறகு வரும் நீர்க்கடுப்பும் அம்மா நிறுத்திய க்ரீமும்

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்ல. அம்மா பத்திப் பேசப் போறேன். "பேசிக்கோ, என் பேரை மட்டும் சொல்லாத"ன்னு அவங்க சொன்ன பிறகுதான் மைக்கை ஆன் பண்ணினேன்.

நாங்க நெட்டப்பாக்கம். அம்மாவுக்கு 52 வயசு, மாதவிடாய் நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு. போன வருஷம் மட்டும் நாலு தடவை நீர்க்கடுப்பு. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான், சூடு. இளநீர், மோர், ஊற வச்ச வெந்தயம். அப்புறம் மெடிக்கல்ல மாத்திரை. ஒரு மாசம் நல்லா இருப்பாங்க, திரும்ப எரிச்சல். பாண்டிக்கு பஸ்ல போகணும்னா காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. அது இன்னும் மோசம்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா பஸ்ல உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றது?

கடைசியில பாண்டியில ஒரு பெண் டாக்டர் பார்த்துட்டு, "இது வெறும் கிருமி இல்லம்மா, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதால வர்றது"ன்னு சொல்லி, பிறப்புறுப்புக்குள்ள போடுற எஸ்ட்ரியால் க்ரீம் எழுதினாங்க. ரெண்டு வாரம் தினமும் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள்.

ஒரு மாசம் கழிச்சு பீரோவுல துணிக்கு அடியில அந்த ட்யூபைப் பார்த்தேன். மூணு நாள் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். கேட்டா ரெண்டு காரணம் சொன்னாங்க. முதல் காரணம் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. "உங்கப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. புருஷன் இல்லாதவளுக்கு இது எதுக்குன்னு மெடிக்கல்ல இருக்கிற பையன் நினைக்க மாட்டானா?" ரெண்டாவது, டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருந்த சீட்டு. சித்தி பொண்ணு அதைப் படிச்சு தமிழ்ல சொல்லியிருக்கா. மார்புப் புற்றுநோய், பக்கவாதம், மறதி நோய். "ஏண்டி, மூத்திரக் கடுப்புக்கு மருந்து போட்டு கேன்சர வாங்கிட்டு வரணுமா?"

நியாயமான கேள்வி. நானும் அந்தச் சீட்டை எடுத்துப் படிச்சேன், பயமாத்தான் இருந்தது. அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, அது வேற மருந்தோட கதை. அமெரிக்காவுல 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்'னு ஒரு பெரிய ஆய்வு. அதுல 16,608 பெண்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து எடுத்தவங்ககிட்ட மார்புப் புற்றுநோய் கூடுதலா தெரிஞ்சதும் 2002 ஜூலையில நிறுத்திட்டாங்க. அது தினமும் விழுங்குற மாத்திரை, ரத்தம் வழியா உடம்பு முழுக்கப் போகும். க்ரீம் போட்ட இடத்துலதான் வேலை செய்யும், சொன்ன அளவுல போட்டா ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். ஆனா ஈஸ்ட்ரோஜன்னு பேர் இருந்தாலே அதே எச்சரிக்கையை ஒட்டிட்டாங்க. எங்க வேலையில சொன்னா, ஒரு ஃபைலோட கமெண்டை இன்னொரு ஃபைல்ல காப்பி பேஸ்ட் பண்ணின மாதிரி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ., 2025 நவம்பர்லதான் இந்த எச்சரிக்கைகளை எடுக்கப் போறதா அறிவிச்சது.

சரி, க்ரீம் என்ன பண்ணுது? இதை நான் அம்மாவுக்குத் தயிரை வச்சுத்தான் சொன்னேன். தயிர் உறைய வைக்கிற லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியா பெண்ணுறுப்புலயும் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் இருக்கிற வரைக்கும் அதுக்குத் தீனி கிடைக்கும், அந்த இடம் புளிப்பா இருக்கும், கெட்ட கிருமி அண்டாது. ஈஸ்ட்ரோஜன் போனா புளிப்பு போயிடும், தோல் மெலிஞ்சு வறண்டுடும், மலக்குடல்ல இருக்கிற கிருமி பக்கத்துல குடியேறிடும். 1993ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல ஒரு ஆய்வு வந்தது. அம்மா மாதிரி அடிக்கடி நீர்த்தொற்று வந்த 93 பெண்கள். எஸ்ட்ரியால் க்ரீம் போட்டவங்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 0.5 தடவை தொற்று. மருந்தில்லாத க்ரீம் போட்டவங்களுக்கு 5.9. நான் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன், தசமப் புள்ளி தப்பா விழுந்திருக்கோன்னு.

ஆனா நான் டாக்டர் இல்ல. அதனால சீட்டை எடுத்துக்கிட்டு அம்மாவோட திரும்ப அந்த டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு விஷயம் அழுத்திச் சொன்னாங்க. மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வந்து காட்டணும். மார்புப் புற்றுநோய் வந்தவங்க, அந்த வைத்தியம் பார்க்கிற டாக்டரைக் கேட்காம தொடக்கூடாது. அம்மாவுக்கு ரெண்டும் இல்ல. குழாய் வச்சுப் போடப் பயமா இருக்குன்னு சொன்னதும், விரல் நுனியில எவ்வளவு எடுக்கணும்னு காட்டிக் கொடுத்தாங்க. கையைக் கழுவிட்டு, படுக்கப் போறப்போ போட்டா போதும். ஒரு வாரத்துல மாயம் நடக்காது, சில வாரம் பிடிக்கும், நிறுத்தினா வறட்சி திரும்ப வரும். உடம்பு திடீர்னு கொதிச்சு வேர்க்குதே, அதுக்கு இது மருந்து இல்ல. அது பலருக்கு வருஷம் போகப் போக அடங்கும், இந்த வறட்சி தானா சரியாகாது.

வாரத்துக்கு ரெண்டு நாள்னதும் செவ்வாய் வெள்ளின்னு நான் சொன்னேன். "கோயிலுக்குப் போற நாள்டி அது"ன்னு திங்களும் வியாழனும் ஆக்கிட்டாங்க. ட்யூபை இப்பவும் நான்தான் வாங்குறேன், அந்தப் பையன்கிட்ட கேட்க அவங்களுக்கு வாய் வரல. எட்டு மாசமா நீர்க்கடுப்பு வரல.

போன வாரம் அத்தை வீட்டுக்கு வந்து, "மூத்திரம் போனா எரியுது, எல்லாம் சூடு"ன்னாங்க. அம்மா வெந்தயம் எடுக்கப் போகல. கதவைச் சாத்திட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. வெளியே வந்து என்கிட்ட, "நாளைக்கு இவளையும் அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போ. ட்யூபைக் கேட்டா, நான் கொடுக்கல"ன்னாங்க.