மருந்தின் அளவும் காப்பின் அளவும்

சென்ற மாதம் எங்கள் வேப்பம்பட்டில், பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் சென்ற அடுத்த வீட்டு அம்மையாருக்கு நானும் துணையாகப் போயிருந்தேன். பிறந்து இருபது நாளே ஆன குழந்தை. செவிலி அதன் இடத்தோளில் பி.ஸி.ஜி. ஊசி போட்டார். அளவு 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டு என்றே சொல்லலாம். வெளியே வந்ததும் அம்மையார், "ஏன் ஐயா, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில் போட்டபோது இதைப்போல் இரண்டு மடங்கு போட்டார்களாம். நம் பிள்ளைக்கு இவ்வளவுதானா? இது காக்குமா?" என்று கேட்டார்.

கேள்வி எளியது, விடை அத்தனை எளியதன்று. மருந்து மிகுந்தால் காப்பும் மிகுமா என்னும் இதே கேள்விக்கு விடை காண, அறிஞர்கள் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து மக்களையே நாடி வந்தார்கள் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

1968-ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கிற்று. 1971 வரை சுமார் 2,81,000 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். சிலருக்கு 0.1 மில்லிகிராம் பி.ஸி.ஜி.; சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கான 0.01 மில்லிகிராம், இன்னுஞ் சிலருக்கு மருந்தே கலவாத திரவம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஒருதலையாக முடிவு கட்டிவிடாதிருக்கும் பொருட்டே இவ்வேற்பாடு.

இரண்டரை மாதங்கள் கழித்துத் தோலில் டியூபர்குலின் சோதனை செய்து பார்த்தனர். அளவு மிகுந்த மருந்து பெற்றவர் கையில் வீக்கமும் மிகுதியாகக் கண்டது. உடல் மருந்தை நன்கு உணர்ந்துகொண்டது என்றே எவரும் மகிழ்வர். ஆனால் இரண்டரை ஆண்டுகளில் அவ்வுணர்ச்சி பெரிதும் தணிந்துவிட்டது. 1979-இல் முதல் அறிக்கை வந்தது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில், மிகுந்த அளவும் குறைந்த அளவும் வெறுந் திரவமும் ஒன்றுபோலவே நின்றன. சிறுவரிடத்தில் மட்டும் சிறிது காப்பு தென்பட்டது. அதுவும் உறுதியாகச் சொல்லும்படி அமையவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. ஊசிக்குப் பின் உடல் காட்டும் அடையாளம் வேறு. நோயைத் தடுக்கும் ஆற்றல் வேறு. முன்னது அளவோடு வளரலாம். பின்னதும் கூடவே வளரும் என்பதற்கு உறுதியில்லை.

அப்படியானால் குழந்தைக்கு ஏன் இவ்வூசி? காசநோய்க் கிருமி மூளைச் சவ்வைத் தாக்கும்போதும், உடலெங்கும் பரவும்போதும் பச்சிளங் குழந்தைகள் பிழைப்பது அரிது. அக்கொடிய வடிவங்களிலிருந்து பி.ஸி.ஜி. அவர்களைக் காக்கிறது என்பது பல நாடுகளிலும் நிலைநாட்டப்பட்ட உண்மை. அதிலுள்ளவை வலுக் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகள். சிலவே புகுந்தாலும் உள்ளே பெருகி, உடலைத் தட்டி எழுப்பும். பிறந்த குழந்தையின் மெல்லிய தோலில் முழு அளவைச் செலுத்தினால், அக்குளில் நெறி கட்டுதலும் சீழ்ப்புண்ணும் மிகுதல் கூடும். ஆதலாலேயே ஒரு மாதம் வரை 0.05 மில்லிலிட்டரும், அதன் பின் 0.1 மில்லிலிட்டரும் என்று வகுத்துள்ளனர்.

செலுத்தும் இடமும் முறையும்கூடக் கணக்கில் சேரும். 2016 முதல் நம் நாட்டில் போலியோ ஊசியை முழு அளவில் ஐந்தில் ஒரு பங்காகத் தோலுக்குள் போடுகிறார்கள். ஒரே முறை தசையில் இடும் முழு அளவைவிட, இரு முறை தோலில் இடும் சிற்றளவு நன்கு எதிர்ப்பை எழுப்பக் கண்டனர். அதற்காக எம்மருந்தையும் நாமே குறைத்துக்கொள்ளலாகாது. ஒவ்வொன்றின் அளவும் சோதித்து அறிந்ததாக இருத்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்ட அம்மையார் தம் தோளிலிருந்த பழந் தழும்பைத் தடவிப் பார்த்தார். "அப்படியென்றால் எனக்கு இது காவல் இல்லையா?" என்றார். "இல்லை அம்மா; இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்" என்றேன்.

அன்று கையை நீட்டிய சிற்றூர் மக்களுள் பலருக்குத் தாம் பெற்றது மருந்தா, வெறுந் திரவமா என்பதே தெரியாது. ஆயினும் பெரியவர்கள் தழும்பை நம்பி ஏமாறலாகாது என்னும் அறிவை உலகுக்கு ஈந்தவர்கள் அவர்களே.